ஆறு சிஸ்டம், ஒரே ஆப்ட்: சத்துவாச்சாரி கடையிலேர்ந்து என் அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரில டிடிபி, ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் போடற சின்ன கடை வெச்சிருக்கேன். ஆறு சிஸ்டம். 2019 கடைசில ஆறுலயும் டெபியன் 10 போட்டேன், இது விண்டோஸ் மாதிரி ஒரு ஓஎஸ், லினக்ஸ் வகை. அன்னிலேர்ந்து சாஃப்ட்வேர் ஏத்தறது, தூக்கறது எல்லாமே டெர்மினல்ல, அதாவது கமாண்ட் டைப் பண்ற விண்டோல, ஆப்ட்ங்கற டூல வெச்சிதான். அப்புறம் 11, 12னு போயிட்டேன், ஒரு தடவ கூட ஃபார்மட் அடிக்கல. சாஃப்ட்வேர் எங்கேர்ந்து எடுக்கணும்னு சொல்ற சோர்சஸ் லிஸ்ட் ஃபைல்ல டெபியன் வெர்ஷன் பேர மாத்தி, அப்டேட், அப்கிரேட், ஃபுல்-அப்கிரேட், அவ்ளோதான். 12க்கு போறவங்க மட்டும் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்னு ஒரு வார்த்தைய அந்த லிஸ்ட்ல சேத்துக்கோங்க, வைஃபை கார்டு மாதிரி ஹார்ட்வேர் ஓட தேவையான ஃபர்ம்வேர் எல்லாத்தையும் அந்த தனி பகுதிக்கு மாத்திட்டாங்க, நான் அத விட்டுட்டு அப்புறம் பழைய வைஃபை கார்டுக்கு ஃபர்ம்வேர் தேடிகினு இருந்தேன்.

எனக்கு இதுமேல நம்பிக்கை வந்தது ஒரு அக்னி வெயில் சமயத்துலதான். மதியம் அப்கிரேட் ஓடிகினு இருக்கு, பாதில கரண்ட் கட், யூபிஎஸ் பேட்டரி ஏற்கனவே வீக், சிஸ்டம் பட்டுனு அணஞ்சிடுச்சு. போச்சுடா, நாளைக்கு ஹால் டிக்கெட் எடுக்க பசங்க வருவாங்களேன்னு கை காலே ஓடல. திரும்ப ஆன் பண்ணி ஆப்ட் குடுத்தா, வேலை நடுவுல நின்னுபோச்சு, சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ ஓட்டுன்னு அதுவே சொல்லுது. ஓட்டினேன், விட்ட எடத்துலேர்ந்து புடிச்சி முடிச்சிடுச்சு.

ஆனா எத ஏத்தப்போறேன், எத தூக்கப்போறேன்னு ஆப்ட் காட்டற லிஸ்ட படிக்காம என்டர் தட்டாதீங்க, கீழ கேக்கற ஒய்/என்ல ஒய் பெரிய எழுத்துல இருக்கறதால சும்மா என்டர் தட்டினாலே சரின்னு எடுத்துக்கும். ஒரு ஸ்கேனர் டிரைவருக்காக வெளி ரெப்போ, அதாவது டெபியனோடது இல்லாத சாஃப்ட்வேர் கிடங்கு ஒண்ணு சேத்திருந்தேன், அதோட லைப்ரரிக்கும் டெபியனோடதுக்கும் ஒத்துக்கல, அதனால டைப்பிங்குக்கு வெச்சிருக்கற லிப்ரேஆபீஸ தூக்கப்போறேன்னு தெளிவா எழுதி கேட்டுது, நான் பாக்காம தட்டிட்டேன். பத்திரம் டைப் பண்ண வந்த அண்ணா ஒருத்தர் அரை மணி நேரம் ஒக்காந்திருந்தாரு, மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் ஃபைல்ல தேதி, நேரத்தோட எது எது போச்சுன்னு இருந்துது, அந்த ரெப்போவ எடுத்துட்டு அத பாத்து எல்லாத்தையும் திரும்ப ஏத்தினேன். இப்பல்லாம் சந்தேகம் வந்தா மொதல்ல ஆப்ட் கமாண்டோட -எஸ் போட்டு ஒத்திகை பாத்துடுவேன், அதுல எதுவும் நிஜமா மாறாது.

ஆறு சிஸ்டத்துக்கும் தனித்தனியா டவுன்லோட் ஆனா கடை நெட் படுத்துடும். அதுக்கு ஒரு சிஸ்டத்துல மட்டும், எறங்கினத சேத்து வெச்சி மத்த சிஸ்டத்துக்கும் குடுக்கற ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டு, மத்த அஞ்சையும் அதோட 3142 போர்ட்டுக்கு திருப்பி விட்டேன். ஒரு தடவ எறங்கின பேக்கேஜ் அப்புறம் கடைக்குள்ளயே சுத்தும். ரெண்டு மூணு சிஸ்டம் இருந்தாலே இத போட்டுடுங்க, நான் பண்ணதுல உருப்படியான வேலைன்னா இதுதான்.

கொறைன்னா, அப்டேட், அப்கிரேட் ரெண்டுக்கும் பேர் ரொம்ப ஒட்டி வெச்சிட்டாங்க. புதுசா வர்ற பசங்க அப்டேட் மட்டும் குடுத்துட்டு எல்லாம் புதுசாயிடுச்சுன்னு நெனச்சிக்கறாங்க, அது வெறும் பட்டியலத்தான் புதுப்பிக்கும், சாஃப்ட்வேர் மாறணும்னா அப்கிரேட்தான் குடுக்கணும்.

டெபியன் 13 2025 ஆகஸ்ட்ல வந்துது, அதோட ஆப்ட் 3.0. அதுல தூக்கப்போறத செவப்புல, ஏத்தப்போறத பச்சைல காட்டுது, என் லிப்ரேஆபீஸ் போன அன்னிக்கு இது இருந்திருந்தா கண்ணுல பட்டிருக்கும். அப்ளிகேஷன் கூட்டம் கொறைஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை மூலைல இருக்கற பழைய சிஸ்டத்துல மட்டும் ஏத்தி பாத்துட்டு, பிரிண்டரும் தமிழ்99 டைப்பிங்கும் ஒழுங்கா இருந்தா மத்த அஞ்சுலயும் ஏத்துவேன்.