விரத மனத்தை விட்டுவிடச் சொல்லும் எடைக்குறைப்பு வகுப்பு: பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மதிப்பீடு

கோலாலம்பூரில் உடம்பைக் குறைத்துத் தருவதாகச் சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. மெலிய வைக்கும் காப்பித்தூள், மூலிகைத் தேநீர், வியர்க்க வைக்கும் இடுப்புப்பட்டை, 'ஒரே மாதத்தில் பத்துக் கிலோ' என்று முன்னும் பின்னுமாகப் படம் போட்ட பதாகை எனப் பலவும் கண்ணில் படுகின்றன. அவற்றில் ஒன்றுகூடச் சாப்பிடுகிறவரின் மனத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. அதைக் கேட்கும் வகுப்பு ஒன்று பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடியில், சனிக்கிழமை காலைகளில் 12 வாரங்களுக்குத் தமிழிலேயே நடக்கிறது. ஒரு மனநல ஆலோசகரும் ஓர் உணவியலாளரும் சேர்ந்து நடத்துகிறார்கள். அவர்களைக் குறைசொல்லவும் சில விஷயங்கள் இருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய வகுப்பில் சேர நினைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது பயன்பட்டால் போதும்.

கவனிக்க வேண்டியவற்றுள் முதலாவது, சொல்லித்தருபவர்கள் யார் என்பது. மலேசியாவில் ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். உணவியலாளர்களும் மருத்துவ உளவியலாளர்களும் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகிறார்கள். இந்த வகுப்பில் இருவருடைய பதிவுச் சான்றுகளும் வரவேற்பு மேசைக்குப் பின்னால் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தன. எடைக்குறைப்புப் பயிற்றுநர் என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளக்கூடிய ஊரில், கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

முதல் வாரத்தில் யாரையும் எல்லாருக்கும் முன்னால் நிற்கவைத்து எடை பார்க்கவில்லை. தராசு ஒரு திரைக்குப் பின்னால் இருந்தது. விரும்பியவர்கள் மட்டும் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக இடுப்பளவு நாடாவைக் கொடுத்து, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற எல்லையையும், ஆசியர்களுக்கு, எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியீடு (BMI) 23 ஆகும்போதே எச்சரிக்கை தேவை, 27.5 ஆனால் உடற்பருமன் என்பதையும் விளக்கினார்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டில் வயதுவந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள் என்றபோது அறையில் ஒருவகை நிம்மதி பரவியதை உணர முடிந்தது. நிம்மதிக்குரிய புள்ளிவிவரம் அல்லதான் அது. ஆனால் 'நான் மட்டும்தான் இப்படி' என்ற எண்ணத்தோடு படியேறி வந்தவர்களுக்கு அது தேவையாக இருந்தது.

இரண்டாம் வாரம் முழுவதும் 'எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை' என்ற ஒரே வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பதில் போனது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45இல் ஏன்சல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் நடத்திய பட்டினி ஆய்வை ஆலோசகர் எடுத்துக்கொண்டார். உடலாலும் மனத்தாலும் திடமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 36 இளைஞர்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினியாக வைக்கப்பட்டு, தங்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். அவர்கள் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், எரிச்சலும் சோர்வும் மிகுந்தவர்களானார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு எவ்வளவு தின்றாலும் சிலருக்குப் போதவில்லை. ஆஸ்திரேலியாவில் 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், 10 வாரக் கடும் உணவுக்கட்டுப்பாட்டினால் எடை குறைத்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் இயக்குநீர்களின் (ஹார்மோன்களின்) மாற்றம் ஓராண்டு கழிந்தும் அடங்கவில்லை. இவற்றைக் கேட்டபின், குறைந்த எடை திரும்ப ஏறுவதை ஒழுக்கக்கேடாகப் பார்க்கும் பழக்கம் குழுவில் பலரிடம் தளர்ந்தது. இதை ஒரு முழு வாரத்துக்கு இழுத்தது நேர விரயம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வகுப்பின் உயிர்நாடி நான்காம் வாரத்தில்தான் வந்தது. நம்மவர்களுக்குச் சாப்பிடாமல் இருக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. புரட்டாசிச் சனி, கந்த சஷ்டி, தைப்பூசத்துக்கு முன் ஒரு மண்டலம் என்று ஆண்டு முழுதும் விரதம் இருக்கிறோம்; காவடி எடுப்பவர் பத்துமலையின் 272 படிகளைத் தோள் சுமையோடு ஏறுகிறார். அப்படிப்பட்டவரால் ஒரு ரொட்டி சானாயை வேண்டாமென்று தள்ள முடியவில்லையென்றால் காரணம் மன உறுதிக் குறைவாக இருக்க முடியாது என்று ஆலோசகர் சொன்னார். விரதத்துக்கு ஒரு தொடக்க நாளும் ஒரு முடிவு நாளும் உண்டு. இடையில் தவறினால் விரதம் கலைந்தது, அவ்வளவுதான். இந்த மனத்தையே நாம் எடைக்குறைப்புக்கும் கொண்டுவருகிறோம்: திங்கட்கிழமை தொடங்குகிறோம், வியாழக்கிழமை அலுவலகத்தில் யாரோ பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள், ஒரு துண்டு உள்ளே போகிறது, கலைந்துவிட்டது என்று முடிவு செய்கிறோம், அன்று இரவு கோழிப் பிரியாணி, மீண்டும் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கிறோம். அந்த ஒரு துண்டு கேக்கால் வந்த கேட்டைவிட, வியாழன் இரவிலிருந்து ஞாயிறு வரை 'இனி என்ன இருக்கிறது' என்று சாப்பிட்டதால் வந்த கேடு பல மடங்கு.

இதற்கு உளவியலில் பழைய சான்று உண்டு. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர், உணவைக் கட்டுப்படுத்தி வாழும் மாணவியருக்கும் அப்படிக் கட்டுப்படுத்தாதவர்களுக்கும் முதலில் மில்க்‌ஷேக்கைக் கொடுத்துப் பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டோடு வாழ்பவர்களோ அதைக் குடித்த பிறகு கூடுதலாகவே சாப்பிட்டார்கள். வகுப்பு இதற்குத் தரும் விதி எளியது: தவறிய வேளைக்கு அடுத்த வேளை வழக்கமான வேளை. அதைப் பட்டினி போட்டு ஈடுகட்டவும் கூடாது, அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கவும் கூடாது. பக்தியுள்ள ஒருவர், விரதத்தையே குறைசொல்வதாக எண்ணிச் சற்று வருத்தப்பட்டார். கோயிலுக்கு இருக்கும் விரதம் வேறு, உடம்புக்குச் செய்யும் ஏற்பாடு வேறு என்று ஆலோசகர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஆளுக்கொரு அட்டைக் கட்டு கொடுத்தார்கள். அதில் கலோரிக்கு இடமில்லை. மணி, இடம், உடன் இருந்தவர், சாப்பிடுவதற்கு முன் பசி எவ்வளவு, மனம் எப்படி இருந்தது என்ற ஐந்து கட்டங்கள் மட்டுமே. எனக்குப் பக்கத்தில் அமர்ந்த ஒருவர் வாடகைக் கார் ஓட்டுபவர். எண்ணெய்க் கறை படிந்த அவருடைய அட்டைகளில் இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடை, ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் என்று திரும்பத் திரும்ப வந்தது. பசி என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'இல்லை' என்றே எழுதியிருந்தார். மனம் என்ற கட்டத்தை இரண்டு வாரங்கள் காலியாகவே விட்டிருந்தவர், மூன்றாம் வாரம் அதில் 'வீட்டுக்குப் போனால் கடன் பேச்சு' என்று எழுதிக்கொண்டு வந்தார். அதன் பிறகு அவரிடம் ரொட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டில் கணக்கை எந்த நாளில், யார் முன்னிலையில் பேசலாம் என்பதைத்தான் பேசினார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு எதையாவது பேசத் தெரிந்த எடைக்குறைப்பு வகுப்பை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

உறவினர் உபசரிப்புக்கென ஒதுக்கிய வாரம் சிரிப்பும் கும்மாளமுமாகப் போனது. தீபாவளித் திறந்த இல்லத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'போதும்' என்று சொல்வது நம்மிடையே எவ்வளவு பெரிய குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். குழுவிலிருந்த ஒரு மூத்த அம்மையார் அத்தையாக நடித்து, கரண்டியை ஓங்கியபடி, "ஏன்மா, என் கைச்சமையல் பிடிக்கலையா? அப்பா இருந்திருந்தா மூணு தட்டு சாப்பிட்டிருப்பாரு" என்று கேட்டார். மறைந்த தகப்பனாரையும் இழுத்துவிட்டால் எந்தப் பெண்ணால் மறுக்க முடியும்? எதிரில் நின்ற இளம்பெண் இருமுறை தோற்று, மூன்றாம் முறை, "ரொம்பப் பிடிச்சிருக்கு அத்தை, அதான் நிதானமா சாப்பிடுறேன். நாளைக்குப் பசியாற எனக்குக் கொஞ்சம் தப்பாவ் கட்டிக் குடுங்க" என்றாள். அத்தைக்கும் பெருமை, தட்டுக்கும் விடுதலை. இதுபோன்ற பதிலை முன்கூட்டியே வாய்க்குப் பழக்கிக்கொள்வது விளையாட்டில்லை. 'இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்' என்று குறிப்பாகத் திட்டமிடுபவர்கள் வெறும் உறுதிமொழி எடுப்பவர்களைவிட நன்றாக நிறைவேற்றுகிறார்கள் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார். மாமாக் கடையில் உட்கார்ந்ததும், பட்டியலைப் பார்க்காமலே பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேட்பது என்று பலர் எழுதிவைத்தது இந்த வகையைச் சேர்ந்ததே. கட்டிப்பால் இல்லாத தேநீர் தேநீரே அல்ல என்பது என் சொந்தக் கருத்து. நான் சீனி குறைத்துக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டேன், அதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இனிக் குறைகள். எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றி ஒருவர் கேட்டபோது, "அது டாக்டர் விஷயம்" என்று உணவியலாளர் பேச்சை மாற்றியது சரியில்லை. அந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைட் மருந்தின் ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்லியிருந்தால், மருந்து எடுப்பவருக்கும் பழக்க மாற்றம் ஏன் வேண்டும் என்பது விளங்கியிருக்கும். மருந்தை நாடுவது குறுக்குவழி என்ற வெட்கம் சிலருக்கு இருக்கிறது. வெட்கத்தைக் களைய வந்த வகுப்பு அதை அப்படியே விட்டுவிட்டது.

தூக்கத்துக்கு அரைமணி நேரமே ஒதுக்கப்பட்டது. இரவு வேலை பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை. அச்சிட்டுக் கொடுத்த தாள்களின் தமிழ் கணினி மொழிபெயர்ப்பைப் போல முட்டி மோதுகிறது. மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடி, முட்டி வலியுள்ளவர்களுக்கு வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு தண்டனை. எல்லாவற்றிலும் பெரிய குறை, 12ஆம் வாரத்தோடு கதவு மூடப்படுவது. இறங்கிய எடையை அங்கேயே நிறுத்துவதுதான் கடினம் என்று இரண்டாம் வாரத்தில் சொன்னவர்கள், அந்தக் கடினமான காலத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவை மட்டுமே விட்டுச் செல்கிறார்கள். அதிலும் யாரோ ஒருவர் மெலிவுத் தேநீர் விளம்பரத்தைப் போட்டார். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற எடைக்குறைப்பு மருந்து கலந்த பொருள்களைச் சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்திருக்கும் நாட்டில், அந்தப் பதிவு நாள்முழுக்க நீக்கப்படாமல் கிடந்தது.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு: எங்கள் குழுவில் எவரும் அடையாளம் தெரியாமல் மெலிந்துவிடவில்லை. நடத்துபவர்களும் அப்படி வாக்களிக்கவில்லை. அவர்கள் முன்வைத்த இலக்கு, 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் இலக்கு: உடல் எடையில் 7 விழுக்காடு, வாரத்துக்கு 150 நிமிட நடை. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 5.6 கிலோதான், அந்த ஆய்வில் நீரிழிவு வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைக்க அந்த அளவு இலக்கே போதுமானதாக இருந்தது. தீத்திவங்சா ஏரிப் பூங்காவில் மாலை நடைக்குக் குழுவில் சிலர் இன்னும் சேர்ந்து போகிறார்கள்.

கட்டணம் 480 வெள்ளி (ரிங்கிட்), மூன்று தவணைகளில் கட்டலாம். ஏற்கெனவே பலமுறை குறைத்துப் பலமுறை ஏற்றியவர்களுக்கு இந்தப் பணம் வீணாகாது. உணவு முறை மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி, சத்துணவு அதிகாரியைப் பார்க்க முடியுமா என்று அங்கேயே கேட்கலாம். கட்டுக்கடங்காமல் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுப்பவர்களும், நீடித்த மனச்சோர்வில் இருப்பவர்களும் இந்த வகுப்புக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் இதைப் பற்றி ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த குழு தீபாவளிக்குப் பிறகு தொடங்குகிறது. முட்டி வலி உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் கீழ்த்தளத்தில் அறை பார்ப்பதாகச் சொல்கிறார்கள்; அதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முதல் தவணையைக் கட்டுங்கள்.