நாக்கு எரிச்சல்: சப்பித் துப்பும் மாத்திரையா, லிப்போயிக் அமிலமா?

கண்ணாடியில் பார்த்தால் நாக்கில் புண்ணும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆனால் பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி நுனி எரிகிறது. மூன்று மாதத்துக்கு மேல் தினமும் இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமாக இப்படி எரிந்து, பரிசோதனையில் வேறு காரணமும் கிடைக்காவிட்டால் அதைப் பர்னிங் மவுத் சிண்ட்ரோம் என்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வருகிறது. "எல்லாம் உன் பிரமை" என்று வீட்டில் சொல்வது பெரிய அநியாயம். இது நரம்பு சம்பந்தப்பட்ட வலி என்றே இன்று கருதுகிறார்கள்.

மருந்தைத் தேடும் முன் மற்ற காரணங்களைப் பார்த்துவிட வேண்டும். பி12, இரும்புச்சத்து, சர்க்கரை, தைராய்டு, பூஞ்சைத் தொற்று, பொருந்தாத பல்செட், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் என்று பட்டியல் நீளம். பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் பி12 அளவைக் கட்டாயம் பார்க்கவேண்டும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: பாக்கு, குட்கா போடுபவர்களுக்கு வரும் வாய் இறுக்க நோய். அதில் காரம் பட்டாலே எரியும், வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். பர்னிங் மவுத்தில் பலருக்குச் சாப்பிடும்போது எரிச்சல் தணிகிறது. இந்த வித்தியாசத்தைப் பல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வாய் இறுக்க நோய் பின்னால் புற்றுநோயாக மாறக்கூடும்.

சரி, எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டது. அப்புறம்?

என் முதல் தேர்வு குளோனாசெபாம். வலிப்புக்கும் பதற்றத்துக்கும் தரும் மருந்து இது. இதை விழுங்குவதில்லை. 1 மில்லிகிராம் மாத்திரையை எரியும் இடத்தில் வைத்து, மூன்று நிமிடம் சப்பி, எச்சிலைத் துப்பிவிட வேண்டும். தினம் மூன்று வேளை, 14 நாள். 2004இல் பிரான்ஸில் வந்த ஆய்வு இந்த முறையில்தான் நடந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை சப்பியவர்களைவிட இவர்களுக்கு எரிச்சல் தெளிவாகக் குறைந்தது.

ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு மெத்தில்கோபாலமின் என்ற பி12 வகையோடு சேர்த்துத் தரப்படுவது. தினம் 600 மில்லிகிராம் கொடுத்த ஆரம்பகால இத்தாலிய ஆய்வுகளில் பிரமாதமான பலன் தெரிந்தது. பின்னால் வேறு குழுக்கள் செய்தபோது போலி மாத்திரையைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. தூக்கக் கலக்கம் தராது, பழக்கமாகாது என்பது இதன் நல்ல பக்கம். ஆனால் நெஞ்செரிச்சல் வரலாம், சர்க்கரை மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக இறங்கலாம்.

மிளகாய்ச் சாரமான கேப்சைசின் கலந்து கொப்பளிக்கும் முறையும் உண்டு. முதலில் எரிச்சல் கூடிவிடுவதால் பாதியில் விடுபவர்கள் அதிகம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றி வலியைச் சமாளிக்கப் பழக்கும் மனநல முறையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை நான் இதைவிட மேலே வைப்பேன். அதற்குப் போவதால் வலி பொய் என்று ஆகிவிடாது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டு மீளாய்வு 23 ஆய்வுகளைப் பார்த்தும் எதையும் உறுதியாகப் பரிந்துரைக்கவில்லை. அதனால் மருந்துகளை ஒரே நேரத்தில் குவிக்காமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது. குளோனாசெபாம் மருத்துவர் சீட்டு இல்லாமல் வேண்டாம். துப்பினாலும் கொஞ்சம் உடம்பில் சேரும், தூக்கம் வரும், நாள்பட்டால் பழக்கமாகும். வயதானவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழ வாய்ப்பு இருப்பதால், தொடங்கும் முன்பே அதை மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.