340 பேர் சேர்ந்து போட்ட புத்தகம்: கூட்டுநிதி திரட்டிய அனுபவம், இரண்டரை ஆண்டுக்குப் பிறகு

பணம் திரட்டி முடித்த மறுவாரமே அனுபவம் எழுதுகிறவர்கள் நிறைய பேர். நான் வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். கிரவுட் ஃபண்டிங்கில், அதாவது பலரிடம் சிறுசிறு தொகையாக நிதி திரட்டுவதில், பணம் வந்து சேர்வது பாதி வழிதான். கடைசிப் புத்தகம் கடைசி ஆளின் கைக்குப் போய், வரிக்கணக்கும் முடிந்த பிறகு சொன்னால்தான் அடுத்தவருக்கு உபயோகப்படும்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்காரி. இருப்பது கேரளம், வீட்டிலும் கடையிலும் பேசுவது தமிழ். மலையாளம் மட்டுமே பேசும் குடும்பங்கள் பாரதப்புழைக் கரையோரத்து பகவதி கோயில்களில் இரவு முழுக்கக் கம்பராமாயணம் பாடுகிறார்கள் என்பது எனக்கே இருபத்தைந்து வயதில்தான் தெரியும். தோல்பாவைக் கூத்து. கோயிலுக்கு எதிரே கூத்துமாடம், வெள்ளைத் துணித்திரை, அதன் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய 21 விளக்கு. பாவை ஆட்டுகிறவரைப் புலவர் என்றுதான் சொல்வார்கள். பாட்டு கம்பனுடைய தமிழ், விளக்கம் மலையாளமும் தமிழும் வடமொழியும் கலந்த ஒரு பேச்சு. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்த பத்ரகாளி ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போனதால், அவளுக்காகவே ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறார்கள் என்பது ஐதீகம். முன்னால் ஒரு மனிதர்கூட உட்கார்ந்திருக்காத இரவிலும் கூத்து நிற்காது.

இந்தக் கூத்துமாடங்களின் படங்களோடு, புலவர்கள் பாடும் பாட்டை ஒலிப்பதிவாகவும் சேர்த்து, ஸ்கேன் செய்தால் கேட்கும்படி 160 பக்கத்தில் ஒரு புத்தகம். இதுதான் திட்டம். ஷொர்ணூர் பக்கத்துக் கூனத்தறையின் ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்ததிலிருந்து வெளியில் இந்தக் கலையின் பெயர் கொஞ்சம் தெரிந்திருந்தது. ஆனால் வண்ணப் படப் புத்தகம் என்றதும் பதிப்பகங்கள் பின்வாங்கின. அப்படித்தான் கூட்டுநிதிக்கு வந்தேன்.

கிக்ஸ்டார்ட்டர் என்ற அமெரிக்கக் கூட்டுநிதித் தளத்தில் இந்திய முகவரியை வைத்துத் திட்டம் தொடங்க முடியாது. அதனால் உள்நாட்டுத் தளம் ஒன்றில் பதிந்தேன். பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவது எந்தத் தளத்துக்கும் பொருந்தும். கிக்ஸ்டார்ட்டர் போலவே இதிலும் இலக்கை எட்டினால்தான் பணம், இல்லையென்றால் எல்லாருக்கும் திரும்பிப் போய்விடும். முதலில் பயமாக இருந்தது. இப்போது இதுதான் சரியான முறை என்பேன். நாலரை லட்சம் தேவைப்படும் புத்தகத்துக்கு ஒன்றரை லட்சம் மட்டும் கையில் வந்திருந்தால், புத்தகமும் போட முடியாது, பணம் தந்தவர் முகத்திலும் விழிக்க முடியாது.

இலக்கு 4,50,000 ரூபாய். 2023 செப்டம்பர் 15 முதல் 45 நாள். முடிவில் வந்தது 4,83,500, கொடுத்தவர்கள் 340 பேர். இதில் கைக்கு வந்தது எவ்வளவு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தளத்துக்கு 5 சதவீதம், பணப் பரிமாற்றத்துக்கு இரண்டரை சதவீதம், இந்த இரண்டு கட்டணத்தின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. எல்லாம் போக 4,40,700 ரூபாய்தான் வங்கிக்கு வந்தது. கிட்டத்தட்ட 42,800 ரூபாய் வழியிலேயே கழிந்துவிட்டது. பலர் செலவுக் கணக்கை அப்படியே இலக்காக வைத்துவிட்டுப் பிறகு திண்டாடுகிறார்கள். செலவு போட்டு, அதன் மேல் பத்து சதவீதம் கூட்டி, அதை இலக்காக வையுங்கள்.

பணம் எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். தளத்தில் என் பக்கத்தைத் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு ஒலிப்பதிவு விஷயமாக ஒரு மூத்த புலவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த மாதிரி நெட்டில் எல்லாரிடமும் பணம் கேட்கப்போகிறேன் என்றதும் அவருக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. கூத்துக்கு ஊர்க்காரர்கள் வழிபாடாகச் சிறு தொகை கொடுப்பார்கள். கொடுத்தவருக்காகப் புலவர் கூத்தின் நடுவே வாழ்த்துப் பாடுவார். "பேரு சொல்லி விளிக்கணும் மோளே. பொதுவா விளிச்சா ஆரும் வரில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா அலமாரியிலிருந்து என் கல்யாண மொய் நோட்டை எடுத்து வைத்தார். "இதுல இருந்து ஆரம்பி கண்ணு" என்றார். நீல மையில் ஊர், பெயர், தொகை என்று மூன்று பத்தியாக எழுதியிருந்தது. அதைப் புரட்டிக்கொண்டே ஒரு புது நோட்டில் பெயர்களை எழுதினேன். சொந்தக்காரர், கூடப் படித்தவர், சித்தூர் அரசுக் கல்லூரித் தமிழ்த்துறையில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள், கோவையில் புத்தகம் படிக்கிற நண்பர்கள் என்று 130 பேர் தேறினார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் பேசினேன், ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் இல்லை. ஒரே செய்தியை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடவில்லை. முதல் மூன்று நாளில் 1,41,000 ரூபாய் வந்தது, அவ்வளவும் இந்த நோட்டில் இருந்தவர்களிடமிருந்து. முகநூல் பதிவைப் பார்த்து வந்த முன்பின் தெரியாதவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருக்கிற பக்கத்தைப் பார்க்கும்போது அவர்களுக்கும் நம்பிக்கை வருகிறது. காலிப் பக்கத்தில் முதல் ஆளாகப் பணம் போட யாரும் முன்வருவதில்லை.

பன்னிரண்டாம் நாளிலிருந்து முப்பதாம் நாள் வரை ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. சில நாள் முழுக்க ஒரே ஒரு ஐந்நூறு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனைப் பார்ப்பேன். இது எல்லாருக்கும் நடப்பது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கிக்ஸ்டார்ட்டர் 60 நாள் வரை அனுமதித்தாலும், 30 நாளோ அதற்குக் குறைவாகவோ வைக்கத்தான் பரிந்துரைக்கிறது. அதன் காரணம் அந்தப் பதினெட்டு நாளில் எனக்குப் புரிந்தது. இடையில் உதவியது புது ஒலிப்பதிவுதான். ஒரு புலவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒரு கம்பன் பாட்டைப் பாடிய ஒன்றரை நிமிட வீடியோவைப் போட்டேன். பின்னால் கோழி கூவியது, அதை வெட்டவில்லை. அன்று மட்டும் 19 பேர் சேர்ந்தார்கள். நான் நன்றாக ஒத்திகை பார்த்து எடுத்த அறிமுக வீடியோ அதில் பாதிகூட இழுக்கவில்லை.

ஒரு விஷயம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் தளத்தில் போய்ப் பணம் கட்டமாட்டார்கள். 27 பேர் கையிலேயே கொடுத்தார்கள். ஒவ்வொருவர் பெயரிலும் தம்பி தன் கணக்கிலிருந்து கட்டினான், நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். கொஞ்சம் வேலைதான், ஆனால் பட்டியலில் அவர்கள் பெயர் அவர்கள் பெயராகவே வந்தது.

இனி, பணம் கொடுத்தவர்களுக்குத் தரும் பரிசுப் பொருள். என் பெரிய தவறு இங்கேதான். 500 ரூபாய்க்கு ஒலிப்பதிவு, 1,200க்குப் புத்தகம், 10,000க்குப் புத்தகத்தோடு எங்களுடன் ஓர் இரவு கூத்துக்கு வருவது. இவற்றில் தொல்லை இல்லை. 3,000 ரூபாய்க்குப் புத்தகத்தோடு கையளவு தோல்பாவை ஒன்று தருவதாகச் சொல்லிவிட்டேன். 38 பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள், எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு பாவை எப்படி உருவாகிறது என்பதை அதற்குப் பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முன்பு மான்தோலில் செய்தார்கள், இப்போது ஆட்டுத்தோல்தான். தோலை வெயிலில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, முடியைச் சுரண்டி எடுத்து, அதன் மேல் உருவத்தைக் கீறுகிறார்கள். அப்புறம் உளி. கிரீடத்தில், மார்பு அணியில், உடுப்பின் கரையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி அடி. திரையில் நகையாக மினுங்குவது அந்தத் துளை வழியே வரும் விளக்கு வெளிச்சம். துளை சற்றுப் பெரிதானால் பக்கத்துத் துளையோடு சேர்ந்து கிழிந்துவிடும், முழுத்தோலும் வீண். பாவை செய்தவர் ஒரு சிறு அனுமனுக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். 38 பாவைக்கு 76 நாள். ஜனவரியிலிருந்து மே வரை கூத்துக்காலம், இரவெல்லாம் பாடிவிட்டு வருகிறவர்கள் பகலில் உளி பிடிக்க முடியாது. நான் ஒன்றுக்கு 700 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். அந்த உழைப்பைப் பார்த்த பிறகு 1,200க்குக் குறைவாகக் கொடுக்க மனம் வரவில்லை. 19,000 ரூபாய் கூடுதல், ஐந்து மாதத் தாமதம். யாரும் திட்டவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று புகைப்படத்தோடு எழுதியதுதான் காரணம் என்று நம்புகிறேன். ஒரே ஒரு மாதம் எழுதாமல் விட்டேன். அந்த மாதம் மட்டும் ஏழு பேர் "என்னாச்சு?" என்று கேட்டார்கள்.

அஞ்சல் செலவையும் நான் இறுக்கமாகப் போட்டிருந்தேன். புத்தகங்களுக்கென்று இருந்த சலுகை அஞ்சலில் 5 கிலோவே 80 ரூபாய்தான் என்பதால், 900 கிராம் புத்தகத்துக்குப் பெரிதாக ஒதுக்கவில்லை. 2024 டிசம்பரில் அந்தச் சேவை நின்றுபோனது. எங்கள் புத்தகம் சிவகாசியிலிருந்து வந்தது 2025 ஜனவரியில். 248 பேருக்குப் போக வேண்டும். கோவைக்காரர்கள் 61 பேருக்கு நானும் தம்பியும் வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் மூட்டை கட்டி எடுத்துப்போய் நேரில் கொடுத்தோம். மற்றவை பார்சல். 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று புதிய குறைந்த கட்டணச் சேவை வந்திருக்கிறது, இனி செய்கிறவர்கள் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். எப்படியும் ஒரு வருடம் கழித்து அனுப்பப்போகும் பொருளுக்கு இன்றைய கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அது வருமானமாகக் கருதப்படும். எனவே இதை அன்பளிப்பாகக் காட்டாமல், புத்தகத்துக்கான முன்பணமாகவே ஆடிட்டர் கணக்கு எழுதினார். பணம் வந்தது ஒரு நிதியாண்டில், அச்சுச் செலவு அடுத்த நிதியாண்டில் என்பதால் இது முக்கியமாக இருந்தது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது, நான் பணம் வந்த பிறகுதான் ஓடினேன்.

தளத்தைப் பற்றி: பணம் கைக்கு வர 12 வேலைநாள் ஆனது. ஒவ்வொரு நன்றிக் கடிதமும் ஆங்கிலத்திலேயே போனது, தமிழில் மாற்ற வழியில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு என் பக்கத்தின் உள்கணக்கு திறக்கவே இல்லை, பட்டியலும் முகவரிகளும் போய்விட்டன. என்னிடம் நோட்டு இருந்ததால் தப்பித்தேன். பணம் வந்த அன்றே பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சிட்டது 600. கொடுத்தது போக, புலவர் குடும்பங்களுக்கும் நூலகங்களுக்கும் தந்தது போக, விற்றது போக, இன்று 70 பிரதி மிச்சம். பாடியவர்களுக்கு மதிப்பூதியமாக 75,000 ரூபாயை முதலிலேயே ஒதுக்கியிருந்தேன், அதில் மட்டும் கடைசிவரை கைவைக்கவில்லை. ஒலிப்பதிவின் முழுப் பிரதியும் அவர்களிடமே இருக்கிறது.

2025 பிப்ரவரியில், 10,000 கொடுத்த ஐந்து பேரையும் கூத்துக்கு அழைத்துப்போனேன். நடு இரவுக்கு மேல் குளிர். மாடத்துக்கு எதிரே நாங்கள் ஆறு பேரும் ஒரு நாயும் மட்டும்தான். திரைக்குப் பின்னாலிருந்து புலவர் ஐவருடைய பெயரையும் ஊரையும் சேர்த்து வாழ்த்துப் பாடினார். ஓசூரிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா அழுதுவிட்டார்.

அடுத்தது கூத்தின் வாத்தியங்களைப் பற்றி ஒரு சிறிய ஒலிநூல். 30 நாள், பரிசில் மூன்றே நிலைகள், தோல்பாவை கிடையாது. பழைய நோட்டிலிருந்து பெயர்களைப் புது நோட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பேசியவர்களில் 96 பேர் சரி என்றிருக்கிறார்கள்.