கும்பகோணத்தில் மூன்று வாரங்கள்: மாற்று இதயத்தோடு ஓர் ஊர்ப் பயணம்

கலிஃபோர்னியாவில் இதய மாற்று அறுவை செய்துகொண்டு இரண்டாண்டுகள் கழித்து, சென்ற ஜூலையில் கும்பகோணத்தில் மூன்று வாரம் தங்கி வந்தேன். மாற்று இதயம் கிடைக்கும்வரை பதினொரு மாதங்கள் ஹார்ட்மேட் 3 என்னும் இதய உதவிக் கருவியோடும், தோளில் தொங்கும் பேட்டரிகளோடும் வாழ்ந்தவன் நான். அத்தகைய கருவியும் அக்காலத்தில் ஏற்றப்படும் இரத்தமும் பிறர் திசுவைத் தாக்கும் ஆன்டிபாடிகள் என்னும் எதிர்ப்புப் புரதங்களை உடலில் உண்டாக்கக்கூடும் என்பதால், என் மருத்துவக் குழு கண்காணிப்பில் சற்றும் தளர்வதில்லை.

அக்கண்காணிப்பில் முதன்மையானது அல்லோமேப் என்னும் மரபணு வெளிப்பாட்டுச் சோதனை. கழுத்துச் சிரை வழியே கருவியைச் செலுத்தி இதயத் தசையைக் கிள்ளியெடுக்கும் பயாப்சியை அடிக்கடி செய்வதற்கு மாற்றாக, இரத்த வெள்ளணுக்களில் 20 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, 0 முதல் 40 வரை ஒரு மதிப்பெண் தருகிறார்கள். மதிப்பெண் குறைவாக இருந்தால், அப்போதைக்கு உயிரணு வழி நிராகரிப்பு, அதாவது உடலின் வெள்ளணுக்கள் மாற்று இதயத்தைத் தாக்குவது, இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். ஆன்டிபாடி வழி நிராகரிப்பைக் கண்டறிவதற்காக இச்சோதனை உருவாக்கப்படவில்லை. ஆகவே என் போன்றவர்களுக்கு ஆன்டிபாடிச் சோதனை தனியே வேண்டும். அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்ற அல்லோமேப் சோதனையைக் கும்பகோணத்தில் தேடுவது வீண் என்று முன்பே முடிவு செய்து, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பும் திரும்பியவுடனும் இரத்தம் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தேன்.

ஊரில் எனக்குத் தேவைப்பட்டவை நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற சோதனையும், எக்கோ என்னும் இதய ஸ்கேன் ஒன்றும் மட்டுமே. மாத்திரை நேரத்தைப் பற்றி அஞ்சியிருந்தேன். ஆனால் கோடையில் கலிஃபோர்னியாவுக்கும் இந்தியாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வேறுபாடு என்பதால், அங்கே காலை ஒன்பது மணி இங்கே இரவு ஒன்பதரையாகி, வேளைக்கொன்றாக விழுங்கும் வழக்கம் அரை மணி நேரம் மட்டுமே நகர்ந்தது. எக்கோவை அன்றே எடுத்து, அறிக்கையையும் கையில் கொடுத்தார்கள். கட்டணமும் நான் எண்ணியிருந்ததைவிட மிகக் குறைவு. இரத்தப் பரிசோதனையில்தான் தடுமாற்றம். முந்தைய மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்ததை விழுங்குமுன் எடுக்க வேண்டிய மாதிரி அது. ஒன்பதரைக்கு வீட்டுக்கு வருவதாகச் சொன்ன ஆய்வக ஊழியர் பதினொன்றரைக்கு வந்து, “சாப்பிட்டுவிட்டு இருந்திருக்கலாமே, சார்” என்றார். மறுமுறை நானே ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். சென்னைக்கு அனுப்பப்பட்ட அந்த மாதிரியின் முடிவு மறுநாள் மாலை கைப்பேசிக்கு வந்தது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இருமலுக்காகச் சென்ற ஒரு சிறு கிளினிக்கில், என் வரலாற்றை முழுவதும் கேட்காமலே ஐந்து நாளுக்குப் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதிக அளவு ஸ்டீராய்டு எடுத்தாலும், அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் அல்லோமேப் மதிப்பெண்ணை நம்ப முடியாது. அதைவிட, என் மருந்துகளில் எதையும் குழுவைக் கேட்காமல் மாற்றக்கூடாது. நள்ளிரவில் கலிஃபோர்னியாவுக்குத் தொலைபேசியில் பேசி, அச்சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். சித்தி ஆசையாக உரித்து வைத்த பம்ப்ளிமாஸையும், டாக்ரோலிமஸ் அளவை அது ஏற்றிவிடும் என்று விளக்கி, மறுக்க வேண்டியிருந்தது. மருத்துவரிடம் மறுத்ததைவிட அது கடினம்.

திரும்பியதும் செவிலியர் கேட்டவை இரண்டே கேள்விகள்: இரத்தம் ஏற்றினீர்களா, ஸ்டீராய்டு கூடுதலாக எடுத்தீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றேன். கையை நீட்டச் சொன்னார்.