பூனார்கா காக்டோபிளாஸ்டிஸ் நினைவு மண்டபம்: இறங்கிப் பார்க்க வேண்டிய இடம்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து வாரெகோ நெடுஞ்சாலையில் மேற்கே செல்பவர்கள், சின்சில்லாவுக்குச் சற்று முன்னால் பூனார்கா என்னும் சிற்றூரில் தகரக் கூரையிட்ட ஒரு மர மண்டபத்தைக் காணலாம். காக்டோபிளாஸ்டிஸ் என்னும் அந்துப்பூச்சி ஒன்றுக்கு நன்றிக்கடனாக அப்பகுதி மக்கள் 1936இல் எழுப்பிய கட்டடம் அது.

அருங்காட்சியகத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாற்றமடைவார்கள். இது ஊர் மக்கள் கூடுவதற்கான பொது மண்டபம், வெளியிலிருந்து பார்த்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் முகப்பில் உள்ள பெயரின் பின்னணியை அறிந்து வருபவர்களுக்கு இதைவிடப் பொருள் பொதிந்த நினைவுச் சின்னம் அந்தச் சாலையில் வேறில்லை என்பது என் கருத்து.

1920களின் நடுவில் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தில் சப்பாத்திக்கள்ளி பரவியிருந்தது. வெட்டியும் எரித்தும் ஆர்சனிக் நஞ்சைப் பாய்ச்சியும் பயன் காணாமல் பலர் நிலத்தைக் கைவிட்டுச் சென்றார்கள். 1925இல் பூச்சியியலாளர் ஆலன் டாட் அர்ஜென்டினாவிலிருந்து வரவழைத்த இந்த அந்துப்பூச்சியின் சுமார் 3000 முட்டைகளிலிருந்து பெருக்கப்பட்ட பூச்சிகள் 1926 முதல் காடுகளில் விடப்பட்டன. தாய்ப்பூச்சி முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி இடும் சரம், பார்வைக்குக் கள்ளியின் முள்ளைப் போலவே இருக்கும். அதிலிருந்து வெளிவரும் புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து மடலில் ஒரே துளையிட்டு உள்ளே நுழைந்து, தோலை மட்டும் விட்டுவிட்டுச் சதையைத் தின்று தீர்க்க, மடல் அழுகிச் சரிந்துவிடும். 1933க்குள் பெரும்பாலான கள்ளிக்காடுகள் அழிந்து, நிலம் மீண்டும் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் வந்தது.

இங்கு வருபவர்கள் கதையின் மறுபாதியையும் அறிந்திருப்பது நல்லது. ஆஸ்திரேலியாவுக்கென்று சொந்தக் கள்ளியினம் எதுவும் இல்லாததால்தான் இந்தப் பூச்சியால் அங்கே கேடு விளையவில்லை. 1957இல் கரீபியன் தீவான நெவிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அதே பூச்சி, 1989இல் புளோரிடாவில் காணப்பட்டு, அம்மண்ணுக்கே உரிய கள்ளிகளைத் தாக்கிவருகிறது. ஆகவே பூனார்கா மக்களின் நன்றி முற்றிலும் நியாயமானது என்றாலும், அந்த வெற்றியை எல்லா நாட்டுக்கும் பொதுவான மருந்தாகக் கொள்ள முடியாது.

குழந்தைகளுடன் செல்பவர்கள் முட்டைச்சரத்தின் படமொன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் நன்றாகப் புரியும். வழியில் டால்பியிலும் இதே பூச்சிக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.