லிஸ்பனில் ஒரு வார இறுதி: ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்குக் கால்

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன் மலிவான ஊர் என்ற பேச்சு பழசாகிவிட்டது. அறை வாடகையைப் பொறுத்தவரை அது இப்போது மற்ற மேற்கு ஐரோப்பிய ஊர்களோடு போட்டி போடுகிறது. ஆனால் நின்றபடி குடிக்கும் காபி இன்னும் ஒரு யூரோ அளவில்தான். ஆற்றைக் கடக்கும் படகுக்கு இரண்டு யூரோகூட ஆகாது. ஊரின் நல்ல காட்சிகள் பலவும் சும்மா கிடைக்கின்றன. அப்படியும் இரண்டு நாளில் பை காலியாகிறதென்றால் காரணம் பெரும்பாலும் மூன்று: அறையைத் தவறான மேட்டில் எடுத்தது, ஏற்றங்களுக்குச் சுற்றுலா விலை கொடுத்தது, கேட்காமல் மேஜைக்கு வந்த ரொட்டி. ஊரே சரிவுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் தூரத்தை வைத்துத் திட்டம் போடுவதைவிட உயரத்தை வைத்துப் போடுவது நல்லது.

ஐரோப்பாவின் மற்ற ஊர்களிலிருந்து வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு திரும்புபவர்களுக்கான திட்டம் இது. முதலில் நேரக் கணக்கு. போர்ச்சுகலும் பிரிட்டனும் ஒரே நேரம். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். வெள்ளி மாலை பிராங்க்பர்ட்டிலோ சூரிக்கிலோ ஏறினால் அந்த ஒரு மணி நேரம் கையில் கிடைக்கும். ஞாயிறு திரும்பும்போது அது பறிபோகும். இரவு 9 மணிக்குக் கிளம்பும் விமானம் மலிவாகத் தெரியும். வீட்டூர் விமான நிலையத்தில் இறங்கும்போது கடைசி ரயில் போயிருக்கும். அந்த டாக்சிக் காசையும் சேர்த்துப் பார்த்த பிறகு டிக்கெட்டை எடுங்கள். இரண்டு இரவுக்கு இருக்கைக்கு அடியில் நுழையும் முதுகுப்பை தாராளம். சக்கரப் பெட்டிக்கு விமானத்திலும் கட்டணம். லிஸ்பனின் கல் பாவிய நடைபாதையில் அதன் சக்கரமும் தாங்காது.

பிரிட்டனில் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு வசிப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டிஷ் வசிப்பிட அனுமதி போதாது. ஷெங்கன் நாடுகளில் வசிப்பவர்கள் பாஸ்போர்ட்டோடு வசிப்பிட அட்டையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். லண்டனிலிருந்து வருபவர்கள் கடவுச்சீட்டு வரிசைக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். மெட்ரோ இரவு ஒரு மணி வரைதான். அதைத் தவறவிட்டால் 208 என்ற இரவுப் பேருந்து விமான நிலையத்தைத் தொட்டு ஆற்றங்கரை நிலையமான காய்ஸ் டோ சொத்ரே வரை போகும்.

விமான நிலையத்திலிருந்து சிவப்பு வழி மெட்ரோ. அலமேடாவில் இறங்கி பச்சை வழிக்கு மாறினால் அன்ஜோஸ், இன்டென்டென்டே, மார்ட்டிம் மோனிஸ், ரோசியோ, பைஷா-ஷியாடு, கடைசியில் காய்ஸ் டோ சொத்ரே. மொத்தம் அரை மணி நேரப் பாடு. பலரும் மாட்டிக்கொள்வது சீட்டு இயந்திர வரிசையில்தான். மூன்று விமானம் சேர்ந்து இறங்கினால் அது கதவைத் தாண்டி நிற்கும். அந்த வரிசையே தேவையில்லை. கான்டாக்ட்லெஸ் வங்கி அட்டையை நேராக மெட்ரோ வாயிலில் தட்டலாம். ஒருவருக்கு ஒரு அட்டை. உள்ளே போகத் தட்டிய அதே அட்டையை வெளியே வரவும் தட்ட வேண்டும். உள்ளே போக அட்டை, வெளியே வரக் கைப்பேசி என்று மாற்றினால் இயந்திரம் இரண்டு பேர் என்று நினைத்துக்கொள்ளும்.

மறுநாள் காலை, கூட்டமில்லாத ஏதாவது ஒரு நிலையத்தில் நவெகாந்தே என்ற பயண அட்டை வாங்குங்கள். அட்டைக்கு 50 சென்ட். 2025 விலையில் ஒரு பயணச் சீட்டு 1.85 யூரோ, அட்டையில் ஏற்றிவைக்கும் ஜாப்பிங் என்ற பண இருப்பிலிருந்து கழித்தால் 1.66, மெட்ரோ, பேருந்து, டிராம் மூன்றுக்கும் செல்லும் 24 மணி நேரச் சீட்டு 7 யூரோ. ஒரு நாளில் ஐந்தாவது முறை ஏறும்போதுதான் 24 மணி நேரச் சீட்டு லாபம். நான்கு முறையோடு நிறுத்துபவர்களுக்கு ஜாப்பிங்கே போதும். சீட்டின் கணக்கு வாங்கிய நேரத்திலிருந்து ஓடாது, முதல் தடவை தட்டிய நேரத்திலிருந்து ஓடும். வெள்ளி இரவு ஒரே ஒரு மெட்ரோப் பயணத்துக்காக அதைத் தொடக்கிவிட்டால் சனி மாலை, கால் ஓய்ந்த நேரத்தில் அது செத்துப்போகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு அட்டையில் ஒரு நேரத்தில் ஒரு வகைச் சீட்டுதான் நிற்கும். ஜாப்பிங் காசு மிச்சமிருக்கும் அட்டையில் 24 மணி நேரச் சீட்டை ஏற்ற முடியாது. இந்த 24 மணி நேரச் சீட்டு புறநகர் ரயிலுக்கும் படகுக்கும் செல்லாது. அங்கே ஜாப்பிங் வேண்டும். எனவே ஆளுக்கு இரண்டு அட்டை வாங்கிவிடுங்கள்: ஒன்றில் சனிக்கிழமைக்கான 24 மணி நேரச் சீட்டு, இன்னொன்றில் 6 அல்லது 7 யூரோ ஜாப்பிங். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பேனாவால் குறித்து வையுங்கள். கூடுதல் செலவு 50 சென்ட். மிச்சமாவது இயந்திரத்தின் முன்னால் நின்று முழிக்கும் கால் மணி நேரம்.

அறைக்கு அன்ஜோஸ், அரோயோஸ், இன்டென்டென்டே பக்கம் பாருங்கள். பச்சை வழி வாசலில்; மெட்ரோவிலிருந்து அறை வரை பெரும்பாலும் சமதளம். படங்களில் அழகாகத் தெரியும் அல்ஃபாமாவில் அறை எடுப்பவர்கள் பெட்டியைத் தலையில் சுமந்து படி ஏறுவார்கள். பல சந்துகளுக்குள் கார் நுழையாது. பைரோ ஆல்டோவில் வெள்ளி, சனி இரவுகளில் தூக்கம் கிடையாது, அதற்கென்றே அங்கே போகிறவர்களைத் தவிர. முன்பதிவு செய்யும்போது கண்ணில் படாத ஒன்று: நகராட்சியின் சுற்றுலா வரி, 2024 செப்டம்பரிலிருந்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ. 13 வயதுக்குக் கீழே இல்லை. இருவர், இரண்டு இரவு என்றால் 16 யூரோ. பல இடங்களில் இதை வாசலில்தான் கேட்பார்கள்.

இனி ஏற்றம். சீட்டே இல்லாமல் மேலே கொண்டுபோகும் வழிகள் இந்த ஊரில் உண்டு, பலகை பெரிதாக இல்லாததால் தவறவிடுகிறார்கள். பள்ளத்தில் இருக்கும் பைஷா பகுதியில் ஃபான்கெய்ரோஸ் தெருவில் சாதாரணக் கட்டிடம் போன்ற ஒன்றுக்குள் பொது லிஃப்ட் இருக்கிறது. ஏறினால் மதலேனா தெரு. அங்கிருந்து சற்று மேலே, கீழ்த்தளத்தில் சூப்பர் மார்க்கெட் உள்ள ஷாவ் டோ லோரெய்ரோ கட்டிடம். அதன் லிஃப்ட், மேட்டின் மேலிருக்கும் பழைய கோட்டையைச் சுற்றும் தெருவில் கொண்டுவிடும். இரண்டும் இலவசம். பைஷாவிலிருந்து ஷியாடு ஏற மெட்ரோ நிலையத்தின் நகரும் படிகள் போதும். சீட்டு வாயிலைத் தாண்டாமலே க்ருசிஃபிஷோ தெரு வாசலில் நுழைந்து மேல் வாசலில் வெளியே வரலாம். மார்ட்டிம் மோனிஸிலிருந்து கோட்டைப் பக்கம் ஏற எஸ்கதினியாஸ் டா சவுடேயில் திறந்தவெளி நகரும் படி இருக்கிறது. இவை பழுதாகி நிற்கும் நாட்களும் உண்டு; அப்போது பேருந்துதான்.

24 மணி நேரச் சீட்டைப் பயன்படுத்த வேண்டிய இடம் பேருந்து. ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 கோட்டை வரை ஏறும். மார்ட்டிம் மோனிஸிலிருந்து 734 கிராசாவுக்கு ஏறும். காய்ஸ் டோ சொத்ரேயிலிருந்து 758 ஷியாடு வழியாகப் பிரின்சிப் ரியால் போகும். மூன்றிலும் செய்ய வேண்டியது ஒன்றே: உச்சியில் இறங்கி, நடந்து கீழே வருவது. சனிக்கிழமைக்குப் பொருத்தமான வரிசை இது. காலையில் 734ல் கிராசா. சென்யோரா டோ மோன்டே மேட்டிலிருந்து மொத்த ஊரும் ஆறும் கண்ணுக்குள் விழும். அருகில் சான்டா கிளாரா திடலில் ஃபெய்ரா டா லட்ரா என்ற பழம்பொருள் சந்தை, செவ்வாயும் சனியும் மட்டும். அங்கிருந்து போர்டஸ் டோ சோல் வந்து அல்ஃபாமா சந்துகள் வழியே இறக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 758ல் மேலே. சான் பெத்ரு டி அல்கான்டரா மேடை. பிகா சரிவில் இறங்கினால் மாலையில் ஆற்றங்கரை. கோட்டைக்குள் நுழைய 15 யூரோவுக்கு மேல் ஆகும். காட்சிக்காக மட்டும் என்றால் வேண்டாம், கிராசா மேட்டிலிருந்து அந்தக் கோட்டையையும் சேர்த்தே பார்க்கலாம்.

28ஆம் எண் டிராமைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். மார்ட்டிம் மோனிஸ் நிறுத்தத்தில் பத்து மணிக்கு நின்றால் ஒரு மணி நேரம் வெயிலில் போகும், ஏறினாலும் யாரோ ஒருவரின் அக்குள்தான் காட்சி. ஜேப்படிக்காரர்களின் பிடித்தமான வண்டியும் அதுவே. ஏறியே ஆக வேண்டுமென்றால் காலை எட்டுக்கு முன்னால், மறுமுனையான காம்போ டி ஓரிக்கில் ஏறுங்கள்; உட்கார இடம் கிடைக்கும். அட்டையில்லாமல் ஏறி ஓட்டுநரிடம் சீட்டு வாங்கினால் 3 யூரோவைத் தாண்டும். கம்பிவடம் இழுத்து மேடேற்றும் சரிவு ரயில்களை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா சரிவு ரயிலின் கம்பிவடம் விட்டுப்போய் 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மற்றவையும் சோதனைக்காக நிறுத்தப்பட்டன. 1902ல் கட்டிய சான்டா ஜுஸ்டா லிஃப்ட்டின் வரிசையிலும் காலத்தைப் போக்க வேண்டாம். அதன் மேல் பாலம் போய்ச் சேரும் இடம் கார்மோ சதுக்கம். அங்கே ஷியாடு வழியாக நடந்தே போய்விடலாம்.

சாப்பாட்டுக்கு டாஸ்கா என்ற சின்ன உணவகங்கள். மதியம் ‘பிராட்டோ டோ தியா’ என்று கரும்பலகையில் எழுதியிருப்பதைக் கேளுங்கள். சுற்றுலாத் தெருக்களை விட்டு விலகினால் 8 முதல் 12 யூரோவுக்குள் முடியும். ‘டோஸ்’ என்றால் முழு அளவு, இரண்டு பேர் பகிரலாம். ‘மெய்யா டோஸ்’ பாதி அளவு, ஒருவருக்கு நிறைவு. உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சில இடங்களில் சீஸ் என்று வந்து இறங்கும். அது அன்பளிப்பு இல்லை, ‘கூவெர்’. தொட்டால் பில்லில் ஏறும். கேட்காததும் தொடாததும் காசில்லை என்பது அங்கே சட்டம். வேண்டாம் என்றால் உடனே திருப்பி எடுத்துப் போகச் சொல்லுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஞாயிறு பல டாஸ்காக்கள் மூடியிருக்கும். சூப்பர் மார்க்கெட்டுகள் திறந்திருக்கும், ரொட்டி, பழம், சமைத்த கோழி எல்லாம் கிடைக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

காபிக் கடை விலைப்பட்டியலில் ‘பல்காவ்’, ‘மேசா’, ‘எஸ்ப்ளனாடா’ என்று தனித்தனி விலை இருக்கலாம்: கவுண்டரில் நின்றால் ஒன்று, மேஜையில் உட்கார்ந்தால் ஒன்று, வெளியே வெயிலில் உட்கார்ந்தால் இன்னும் ஒன்று. மேசா நமக்குப் புதிய சொல் இல்லை. நம் மேஜை அங்கிருந்து வந்ததுதான். அறைச் சாவி ஷாவே, ஜன்னல் ஜனேலா, அலமாரி அர்மாரியோ. தமிழ் முதன்முதலாக அச்சேறியதும் இந்த ஊரில்தான், 1554ல், ரோமன் எழுத்தில், ஒரு கிறிஸ்தவ மறைக்கல்வி நூலாக. பட்டியலில் நமக்குத் தேவையான மற்ற சொற்கள்: வாகா, விதேலா, நோவில்யோ மூன்றும் மாட்டிறைச்சி வகை, போர்கோ பன்றி, ஃபிராங்கோ கோழி, பக்கல்யாவ் உப்பிட்டு உலர்த்திய மீன். பிஃபானா என்ற மலிவான ரொட்டிக்குள் இருப்பது பன்றி, ப்ரெகோவுக்குள் மாடு. சைவர்கள் கல்து வெர்டே சூப்பைக் கீரை என்று நம்பி வாங்கிவிடுவார்கள். அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். சோறும் பருப்பும் வேண்டுமென்றால் மார்ட்டிம் மோனிஸ் அருகே பென்ஃபோர்மோசோ தெரு. வங்கதேச, இந்திய, நேபாளக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

ஞாயிறு காலை, ஊரின் மேற்கே ஆற்றங்கரையில் உள்ள பெலேம். 15ஆம் எண் டிராம் பிதுங்கி வழியும். காய்ஸ் டோ சொத்ரேயிலிருந்து புறநகர் ரயிலில் சில நிமிடம்தான், ஜாப்பிங் அட்டை செல்லும். ஜெரோனிமோஸ் மடத்துக்குள் கட்டணமும் நீண்ட வரிசையும் உண்டு. 1837லிருந்து நடக்கும் பெலேம் முட்டைக்கூழ்ப் பணியாரக் கடையில் பொட்டலம் வாங்கும் வரிசை வேகமாக நகரும். அதே ரயில் வழியில் மேற்கே போனால் கர்கவெலோஸ் கடற்கரை, கடைசியில் கஷ்கைஸ். கடைசி நிலையம்வரை முக்கால் மணி நேரம்கூட ஆகாது. மணல் நன்றாக இருக்கும். தண்ணீர் ஆகஸ்டிலும் சில்லிடும், அது அட்லாண்டிக். அரண்மனைகள் உள்ள சின்ட்ரா ஊரை இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம். அங்கே ஒரு முழு நாள் வேண்டும், அரண்மனைக் கட்டணங்கள் தனி. அதற்குப் பதிலாக மாலையில் காய்ஸ் டோ சொத்ரேயிலிருந்து கசில்யாஸ் படகு ஏறுங்கள். பத்து நிமிடத்தில் அக்கரை; ஊர் முழுவதும் பொன்னாகத் தெரியும் நேரம் அது. ரயில், படகு இரண்டிலும் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். புறப்படும் முன் செய்தியில் ‘கிரேவே’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

காலணிக்கு ரப்பர் அடிப்பாகம் அவசியம். மழை பட்ட சுண்ணாம்புக்கல் சோப்புப் போட்ட தரை. நவம்பரிலிருந்து மார்ச் வரை அறை மலிவு, மழை கூடுதல். ஜூன் 12 இரவு சான்டோ அன்டோனியோ விழா, தெருவெல்லாம் மத்திப் புகை. பார்க்க வேண்டியதுதான், அந்த வாரம் அறை விலை மட்டும் சிக்கனத்துக்கு ஒத்துவராது. பணம் எடுக்க வங்கிகளின் ‘முல்டிபான்கோ’ இயந்திரம் நல்லது. உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா என்று கேட்டால் மறுத்து, யூரோவைத் தேர்ந்தெடுங்கள். சில டாஸ்காக்கள் வெளிநாட்டு அட்டையை ஏற்காது. 40 யூரோ நோட்டாகக் கையில் இருக்கட்டும்.

ஹாஸ்டல் படுக்கை இரண்டு இரவு, வரி, போக்குவரத்து, ஒரு நாளைக்கு 25 யூரோ சாப்பாடு என்று வைத்தால் விமானம் நீங்கலாக ஆளுக்கு 140 முதல் 180 யூரோவுக்குள் அடங்கும். தனி அறை என்றால் இந்தக் கணக்கு நிற்காது.

திரும்பும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். மலிவு விமானங்கள் பலவும் கிளம்புவது இரண்டாவது முனையத்திலிருந்து. மெட்ரோ வருவது முதல் முனையத்துக்கு மட்டும். இடையில் இலவசப் பேருந்து. அதற்கு 20 நிமிடம் கூடுதலாக வையுங்கள். இரண்டாவது முனையத்தில் உணவு விலை அதிகம், தேர்வு குறைவு. ஜாப்பிங்கில் மிச்சமுள்ள காசோடு அட்டையைக் குப்பையில் போட வேண்டாம். வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும்.