சனிக்கிழமை நான்கு மணிக்குள்: மாங்குளத்துப் போட்டோப்பிரதிக் கடை

மாங்குளத்தில், ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ34 வீதி பிரியும் சந்திக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு போட்டோப்பிரதிக் கடை இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. பிரதி எடுக்கும் இயந்திரம் இரண்டு, கணினி ஒன்று, கண்ணாடி அலுமாரிக்குள் கொப்பியும் பேனையும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று எதையாவது கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்து போகிற கடை. எங்கள் எழுத்து வட்டம் இன்றுவரை கலையாமல் இருப்பதற்கு இந்தக் கடைதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் ஒன்பது பேர். மல்லாவி, துணுக்காய், கனகராயன்குளம், ஒட்டுசுட்டான் என்று நாலு திசையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தச்சர் ஒருவர், கமக்காரர் இருவர், ஒரு குடும்பநல மாது, ஒரு பஸ் நடத்துநர், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருவர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் நான். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சனசமூக நிலையத்தில் கூடுவோம். 2021 இல் தொடங்கினோம். முதல் வருடம் முழுவதும் பேச்சிலேயே போயிற்று. எந்தப் போட்டிக்கு எப்போது முடிவுத் திகதி, யாருடைய நூல் வெளியீட்டுக்கு யார் போனார் என்று மூன்று மணித்தியாலம் கதைத்துவிட்டுத் தேநீர் குடித்துக் கலைவோம். எழுதிக்கொண்டு வருபவர் இரண்டு பேர் இருந்தால் பெரிய விஷயம். அவர்கள் வாசித்துக் காட்டுவார்கள்; மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். காதால் ஒருமுறை கேட்ட கதையில் எந்த வரி நொண்டுகிறது என்று எப்படிச் சொல்வது?

ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று முடிவெடுத்த பிறகுதான் இந்தக் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணா எங்களிடம் ஒன்றும் கேட்காமலே ஒரு வேலை செய்தார். ஒன்பது அட்டைக் கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எங்கள் ஒருவரின் பெயரை எழுதி, பிள்ளையார் படத்துக்குக் கீழே உள்ள தட்டில் வரிசையாக அடுக்கினார். எழுதியதைக் கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை நான்கு மணிக்குள் கொடுத்தால் தட்டச்சு செய்து, ஒன்பது பிரதி எடுத்து, எழுதியவரின் கோப்பிலேயே வைத்துவிடுவார். ஆறு மணிக்குக் கடை பூட்டும்போது, பக்கத்தில் குடியிருக்கும் எங்கள் தச்சர் ஒன்பது கோப்பையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். ஞாயிறு கடை இல்லை. நான்கு மணியைத் தவறவிட்டால் அந்த மாதம் தவறியதுதான்.

எழுதியவரின் கோப்பு பருத்து நிற்கும். எழுதாதவரின் கோப்பு இரண்டு அட்டையும் ஒட்டித் தட்டையாகக் கிடக்கும். எங்கள் குடும்பநல மாது நான்கு மாதம் ஒன்றும் எழுதவில்லை. வேலைப்பளு அவருக்கு, எங்களில் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஒருநாள் தன் மாதாந்த அறிக்கையைப் பிரதி எடுக்கப் போன இடத்தில், தட்டில் தன் பெயர் எழுதிய கோப்பு மட்டும் தட்டையாகக் கிடப்பதைக் கண்டிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை ஒரு பக்கம் கொண்டுவந்தார். மாரிவெள்ளம் பாயும் பாலத்துக்கு இக்கரையில், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அக்கரையில் நிற்கும் கர்ப்பிணியோடு உரத்த குரலில் பேசிய கதை. வட்டத்தில் இதுவரை வந்தவற்றுள் என் மனதுக்கு மிக நெருக்கமானது அந்த ஒரு பக்கம்.

பிரதி கையில் இருப்பதன் பயனுக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். செப்ரெம்பர் 2013 இல் ரயில் ஓமந்தையைத் தாண்டிக் கிளிநொச்சி வரை மறுபடி ஓடத் தொடங்கியபோது எங்கள் மாணவி சிறுபிள்ளை. அம்மப்பாவின் தோளில் இருந்து மாங்குளத்தில் ரயிலைப் பார்த்ததை எழுதியிருந்தாள். ‘அம்மப்பா மிகவும் உணர்ச்சிவசப்பட்டார்’ என்று ஒரு வரி. எல்லோரும் இருபது நிமிடம் வாய் திறக்காமல் பென்சிலோடு வாசித்தோம். பிரதிகளை அவளிடம் திருப்பிக் கொடுத்தபோது ஆறு பிரதிகளில் அதே வரியின் கீழ் கோடு இருந்தது. ஒருவரோடொருவர் பேசாமலே ஆறு பேர் ஒரே இடத்தில் தடக்கியிருக்கிறோம். அடுத்த மாதம் அந்த வரி இல்லை. ‘அம்மப்பா துவாயால் என் காலில் பட்ட புழுதியைத் துடைத்தார். பிறகு அதே துவாயால் தன் முகத்தைத் துடைத்தார்’ என்று இருந்தது. வாசித்துவிட்டு நடத்துநர் எழுந்து வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார்.

இனித் தட்டச்சு. அதற்கு ஒரு பிள்ளை இருக்கிறாள். இருபத்தைந்து வயது இருக்கும். கையெழுத்துத் தாளைக் கணினிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, வாசிக்கும் வரியின் கீழே ஓர் இரும்பு அடிமட்டத்தை வைப்பாள். வரி முடிய முடிய அடிமட்டம் இறங்கும். விளங்காத சொல் வந்தால் ஊகித்து அடிக்க மாட்டாள். அந்த இடத்தில் இடைவெளி விட்டு, தாளில் மெல்லிய பென்சிலால் வட்டம் போடுவாள். நான் ‘ர’ எழுதினால் ‘ா’ என்ற அரவுக் குறிபோலத் தெரியும். ஒருமுறை கூப்பிட்டு, “அக்கா, இது வரம்பா, வாம்பா?” என்று கேட்டாள். சிரிக்காமல், அவ்வளவு கவனமாகக் கேட்டாள். வரம்புதான் என்றேன். தலையாட்டிவிட்டு அடித்தாள்.

இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், முன்பு வேறோர் ஊரில் ஓரிடத்தில் என் கதையைத் தட்டச்சுக்குக் கொடுத்திருந்தேன். அங்கே ‘கமம்’ என்று நான் எழுதிய இடமெல்லாம் ‘கிராமம்’ ஆகியிருந்தது. கமக்காரன் கிராமக்காரன் ஆகிவிட்டான். பிழை திருத்தித் தந்ததாகச் சொல்லிக் கூடுதலாகவும் காசு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து அந்தத் தாள்களை மடித்து வைத்தவள், எட்டு மாதம் பேனையைத் தொடவில்லை. மாங்குளத்துப் பிள்ளைக்குக் கமமும் காலபோகமும் சூட்டுக்களமும் கட்டாக்காலி மாடும் தன் வீட்டுச் சொற்கள். அவற்றில் அவள் கை வைப்பதில்லை.

அங்கே பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அச்சில் அழகாக வரும். ஆனால் சஞ்சிகைக்கு மின்னஞ்சலில் அனுப்புவதாயின் யூனிகோட்டுக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் உங்கள் கதை வெறும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். மாற்றிய பின்னும் ஒரு தடவை முழுதாக வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

விலை: தட்டச்சு ஒரு பக்கத்துக்கு 80 ரூபாய், பிரதி ஒரு பக்கத்துக்கு 10 ரூபாய். இரண்டு பக்கக் கதையை ஒரே தாளின் இருபுறமும் ஒன்பது பிரதி எடுத்தால் எல்லாமாக 340 ரூபாய். மாணவர்கள் இருவருக்கும் வட்டத்தின் உண்டியலில் இருந்து கொடுக்கிறோம்.

2022 ஐ மறக்க முடியாது. நாங்கள் இந்தக் கடைக்குப் போகத் தொடங்கிய வருடம் அது. பங்குனியில் மேல்மாகாணப் பாடசாலைகளில் காகிதம் இல்லாமல் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போயிற்று. எங்களைப் போன்றவர்கள் அப்போது நின்றுவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கடைக்கார அண்ணா ஒருபுறம் மட்டும் அச்சான பழுதுத் தாள்களை எங்களுக்கென்று சேர்த்து வைத்தார். எங்கள் ஆசிரியர் வீட்டிலிருந்த பழைய கணித வினாத்தாள்களைக் கொண்டுவந்தார். மின்சாரம் வந்ததும் அண்ணா தொலைபேசியில் அழைப்பார். யார் அருகில் நிற்கிறாரோ அவர் ஓடுவார். என் கதை ஒன்றின் பின்பக்கத்தில் இன்றும் முக்கோணங்கள் இருக்கின்றன. அந்த வருடம் ஒரு மாதமும் எங்கள் கூட்டம் தவறவில்லை.

என் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. 2009 இல், போரின் இறுதி மாதங்களில், மாத்தளனுக்குப் போகும் வழியில், மூன்று கொப்பிகள் இருந்த பையை விட்டுவிட்டு நடந்தேன். அம்மாவைத் தூக்குவதா, பையைத் தூக்குவதா என்ற நிலை. பதினாறு வயதிலிருந்து எழுதியவை அவை. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் நூலகம் என்ற எண்ணிம நூலகம் சேர்த்து வருகிறது. அச்சேறியதை அங்கே தேடலாம். அச்சேறாத கொப்பியை எங்கே தேடுவது? அதனால்தான் திருத்தி முடித்த கதையை எங்கள் வட்டத்தில் மறுபடியும் ஒன்பது பிரதி எடுக்கிறோம். அவை ஒன்பது வீட்டுக்குப் போகின்றன. ஒட்டுசுட்டானில் என் வீட்டு அலுமாரியில் எட்டுப் பேரின் கதைகள் இருக்கின்றன. என் கதைகள் துணுக்காயில் ஒரு நெல்மூட்டைக்கு மேலே உறியில் தொங்குகின்றன. இது தெரிந்த பிறகு எழுதும் கைக்கு ஒரு தைரியம் வந்திருக்கிறது. இந்தக் கடைக்கு வருமுன் ஆறு வருடத்தில் இரண்டு கதை எழுதினேன். வந்த பிறகு பதினொன்று.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டாவது இயந்திரத்தில் மை குறைந்தால் பக்கத்தின் வலது ஓரம் மங்கிவிடும். கடைசிப் பிரதிகளைக் கடையிலேயே ஒருமுறை புரட்டிப் பாருங்கள். காட்டினால் முகம் சுளிக்காமல் வேறு எடுத்துத் தருவார்கள். தவணைப் பரீட்சை நெருங்கும் கிழமைகளில் தனியார் வகுப்பு ஆசிரியர்களின் மாதிரி வினாத்தாள்கள் கடையை நிறைத்துவிடும். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுவது நல்லது. இருக்க ஒரு கதிரைகூட இல்லை. எங்கள் ஆசிரியருக்கு எழுபத்திரண்டு வயது; மெய்ப்புப் பார்க்கும் நேரம் முழுவதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு முறை சொல்லிவிட்டோம். அண்ணா, தயவுசெய்து ஒரு கதிரை வாங்கிப் போடுங்கள்.

ஐந்துக்கு நான்கரை தருவேன். திங்கள் முதல் சனி வரை காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு மணிவரை திறந்திருக்கும். உங்கள் ஊரிலும் நாலு பேர் சேர்ந்து எழுத நினைத்தால், முதலில் இப்படி ஒரு கடையைத் தேடிப் பிடியுங்கள். மண்டபத்தைப் பிறகு பார்க்கலாம்.

நாளை, கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை. என்னிடம் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. மிச்ச அரைப் பக்கத்தைக் காலை பஸ்ஸுக்கு முன் எழுதியாக வேண்டும்.